பூட்டிய அறைகளுக்குள் போகிறவர்கள்

முப்பத்தெட்டுப் பக்கம். அதில் இரண்டு பக்கங்களில் ஒன்றும் அச்சாகவில்லை, ஆக முப்பத்தாறு. என் அக்காள் மகன் அதை மேசையில் என் முன்னால் வைத்து, "மாமா, இத முழுசாப் படிச்சிட்டு எனக்குச் சொல்லுங்க. நான் படிச்சா ரெண்டாவது பக்கத்துலயே கண்ணு சொக்குது," என்றான்.

அவன் ஈப்போவில் தீயணைப்புச் சாதனங்கள் பொருத்தித் தரும் ஒப்பந்தக்காரன். கடைகளின் கூரையில் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள், ஆலைகளில் நுரைத் தொட்டிகள், தண்ணீர் படக்கூடாத அறைகளில் வாயு சிலிண்டர்கள். அவனிடம் பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். எழுபத்தாறு வயதில் நான் வாரத்துக்கு நான்கு நாள் அவனுடைய புந்தோங் அலுவலகத்துக்குப் போய்க் கடிதங்கள் எழுதுகிறேன். ஸ்டோரில் இருக்கும் வால்வுகளையும் குழாய் முனைகளையும் எண்ணி வைக்கிறேன். அதற்கு முன் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தேன். விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் நின்று ஆட்களின் பெயர் கூப்பிட்டு வருகை எழுதுவதுதான் கிராணியின் முதல் வேலை. எண்ணுவது அப்போது பிடித்த பழக்கம். விட முடியவில்லை. மாத்திரை விழுங்கும்போதுகூட எத்தனை மடக்குத் தண்ணீர் என்று எண்ணுகிறேன்.

அந்தப் புத்தகம் ஒரு காப்புறுதிப் பத்திரம். தீ விபத்துக்கான காப்புறுதி அல்ல, குற்றத்துக்கானது. நம் ஆள் நம்மிடம் திருடினால் என்ன, நம் ஆள் வாடிக்கையாளரிடம் திருடினால் என்ன, கையெழுத்தை மாற்றிப் போட்டால் என்ன, கணினி வழியாகப் பணத்தை வேறிடத்துக்கு அனுப்பினால் என்ன என்று போய்க்கொண்டே இருந்தது. மூன்று நாள் படித்தேன். பதினேழு வகைக் களவு. அவற்றில் ஆறு வகை எனக்குத் தெரியவே தெரியாது. எழுபத்தாறு வருடம் மனிதர்கள் நடுவில் இருந்திருக்கிறேன், பாலில் தண்ணீர் ஊற்றியவர்களையும் எடைக் கல்லை மாற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கோ ஓர் அலுவலகத்தில் யாரோ உட்கார்ந்து, மனிதன் செய்யக்கூடிய திருட்டை எல்லாம் ஒவ்வொன்றாக யோசித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி எழுதி எண் போட்டிருக்கிறார். அந்த முகம் தெரியாத ஆளை நினைத்து எனக்கு மலைப்பாக இருந்தது. எண்ணுகிறவனுக்கு எண்ணுகிறவன் மேல் வரும் மரியாதை அது.

"இது எதுக்கு உனக்கு?" என்று கேட்டேன்.

"இது இல்லன்னா பேங்க் வேலைக்கு டெண்டர் போட முடியாது மாமா. நகைக்கடை, அடகுக்கடை எல்லாரும் கேக்குறாங்க. நம்ம பசங்க எங்கெங்க போறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தேன். தீப்பிடித்தால் எங்கே நஷ்டம் அதிகமோ அங்கேதான் இவர்களுக்கு வேலை. வங்கியின் கணினி அறை, நிலப்பத்திரங்கள் அடுக்கிய அறை, நகைக்கடையின் பெட்டக அறை. அந்தந்த அலுவலகத்து ஊழியர்களே நுழைய முடியாத இடங்களுக்குள் எங்கள் ஆட்கள் ஏணியும் திருப்புளியும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த இடத்துக்காரர்கள் கதவைத் திறந்துவிட்டு, "முடிஞ்சதும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தோட்டத்தில் துரை பங்களாவின் முன்வாசலுக்குப் பதினொரு படி. முப்பத்தொரு வருடத்தில் நான் அதில் ஏறியது ஆறு தடவை. பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர்கள் ஒருவர்கூட ஏறியதில்லை. அவர்களுடைய பிள்ளைகள் இன்று ஈப்போவின் இரும்புக் கதவுகளுக்குப் பின்னால் தனியாக நின்று வேலை செய்கிறார்கள்.

இருபத்திரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. ஓர் ஊழியர் திருடினார் என்று முதலாளிக்குத் தெரியவந்த நொடியிலிருந்து அந்த ஊழியருக்கு இந்தக் காப்பு செல்லாது என்பதே அதன் பொருள். அக்காள் மகனுக்கு விளக்கினேன். "அதாவது, ஒருத்தன் பேரை நீ ஒரு தடவை எழுதிக் கொடுத்துட்டா, அப்புறம் எந்தப் பூட்டுன அறைக்குள்ளயும் அவனை அனுப்ப முடியாது. நீ மட்டும் இல்ல. இந்தத் தொழில்ல யாரும்."

"அப்படி ஒண்ணும் நடக்காதுலா," என்றான்.

ஆயுத பூஜை முடிந்து பதினாறாம் நாள் நடந்தது.

ஈப்போவில் நகைக்கடை வைத்திருக்கும் ஒருவர் எங்கள் பழைய வாடிக்கையாளர். செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், மூன்றாம் தலைமுறை. அவருடைய பெட்டக அறையில் அந்த வருடம்தான் வாயு சிலிண்டர் பொருத்தினோம். அந்த வாயுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒருமுறை சோதனைக்காகத் திறந்துவிட்டபோது கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். தட்டில் எரிந்துகொண்டிருந்த தீ, வெள்ளையாக ஒரு மூச்சு வந்ததும் இல்லாமல் போனது. பத்து வினாடி என்பார்கள். நான் எண்ணியதில் ஒன்பது. பக்கத்தில் வைத்த தாள் நனையவில்லை, கருகவில்லை. ஒரு மாதம் அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சிலிண்டரைச் சோதிக்க, ஆயுத பூஜை முடிந்து நான்காம் நாள் எங்கள் மூத்த டெக்னிஷன் போனான். நாற்பத்து நான்கு வயது. எங்கள் தோட்டத்துப் பிள்ளைதான். அவன் அப்பாவுக்குச் செக்ரோலில், நான் எழுதிய வருகைப் பதிவேட்டில், நூற்றுப் பதினான்காம் எண். என்னை இன்னும் கிராணியய்யா என்றுதான் கூப்பிடுவான். பெட்டக அறைக்குள் நாற்பத்தொரு நிமிடம் இருந்தான். சிலிண்டரில் அழுத்தம் சரி என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

பன்னிரண்டு நாள் கழித்து நகைக்கடையில் இருப்புப் பார்த்தபோது ஒரு சங்கிலி குறைந்தது. நாலு பவுன். பெட்டக அறைக்குள் இருக்கும் கேமரா பெட்டகத்தைப் பார்க்கிறது. சிலிண்டர் இருக்கும் மூலை அதில் விழாது. வாசல் கேமராவில் மட்டும் எங்கள் டெக்னிஷன் வெளியே வருவது தெரிந்தது. போகும்போது கையில் கருவிப்பை. வரும்போது கருவிப்பையும் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பையும்.

அலுவலகத்தில் வைத்து என் அக்காள் மகன் அவனைக் கேட்டான். நானும் இருந்தேன்.

"அந்தப் பையில என்னா?"

"மாலை, பாஸ். பூஜைக்குப் போட்ட மாலை. சிலிண்டர் கழுத்துல காஞ்சு போயிக் கெடந்துச்சு. மீட்டரே தெரியல. கழட்டினேன்."

"கழட்டினா அங்கேயே குப்பையில போட வேண்டியதுதானே?"

"சாமி மாலையக் குப்பையிலயா?" அவனுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "கால்ல மிதிபடுமே. ஆத்துல போடலாம்னா ஃபைன் போடுவாங்க. இங்க கோயில்லயும் பழைய மாலை கொண்டாராதீங்கன்னு போர்டு மாட்டிட்டாங்க. அன்னிக்கி சாயந்தரம் அம்மாவப் பாக்க ஊருக்குப் போனேன். தோட்டத்து முனி கோயில்ல சூலத்துல மாட்டிட்டு வந்துட்டேன்."

"காஞ்ச மாலையத் தூக்கிக்கிட்டு தொண்ணூறு கிலோமீட்டர் போனியா?"

"வண்டி எப்படியும் போவுதுலா."

என் அக்காள் மகன் என்னைப் பார்த்தான். நான் மேசையைப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் நான் அவனை நம்பவில்லை. பதினேழு வகைக் களவைப் படித்துவிட்டு வந்த தலை அது. தொண்ணூறு கிலோமீட்டர் என்ற எண் எனக்கு உறுத்தியது. பொய்க்குத்தான் இவ்வளவு தூரம் தேவைப்படும் என்று நினைத்தேன்.

அவனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. நகைக்கடைக்காரர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "உங்க காப்புறுதியில கேளுங்க. அவங்க குடுத்தா நான் பொலிசுக்குப் போவல," என்று மட்டும் சொன்னார். ஆனால் காப்புறுதி முகவர் சொன்னது வேறு. பொலிஸ் ரிப்போர்ட் இல்லாமல் இந்தக் கோரிக்கை நகராது. ஆளின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் படிவத்தில் இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் அனுப்பினால் நல்லது.

படிவத்தை நிரப்பும் வேலை என்னுடையது. ஆறு பக்கம், நாற்பத்து மூன்று கட்டங்கள். நாற்பத்திரண்டை நிரப்பிவிட்டேன். அவன் பெயரும் அட்டை எண்ணும் எழுத வேண்டிய ஒரு கட்டம்தான் மிச்சம். அக்காள் மகன் தினமும் கேட்டான். "முடிஞ்சுதா மாமா?" "சரிபார்க்குறேன்," என்பேன். நம்பிக்கையில் அல்ல, பயத்தில் தாமதித்தேன். அந்தக் கட்டத்தில் என் கையெழுத்தில் ஒரு பெயர் விழுந்தால், அந்த ஆளுக்கு அப்புறம் என்ன வேலை? இருபது வருடம் கற்ற தொழில் அது. தீயணைப்பு இலாகாவின் சான்றிதழ் வைத்திருக்கிறான். இரண்டு பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை சுமக்கவா போவான்? இரவில் புரண்டு படுத்தேன்; என் மனைவி தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள்.

பதினொன்றாம் நாள், சங்கிலியின் படம் ஒன்று வேண்டும் என்று முகவர் கேட்டார். அதை வாங்க நகைக்கடைக்குப் போனேன். முதலாளி கைப்பேசியைத் திறந்து விரலால் தள்ளிக்கொண்டே போனார். தட்டுத் தட்டாக நகைகள், பேரப்பிள்ளைகள், ஒரு கல்யாணம், பிறகு பூஜைப் படங்கள்.

"கொஞ்சம் நிறுத்துங்க," என்றேன்.

எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. மாலைகளை எண்ணத்தான் நிறுத்தச் சொன்னேன். தராசுக்கு ஒன்று, பெட்டகத்துக்கு இரண்டு, கணினிக்கு ஒன்று, காருக்கு ஒன்று, கல்லாவுக்கு ஒன்று, சிலிண்டருக்கு ஒன்று. ஏழு. ஆக, மாலை இருந்தது உண்மை. அப்புறம்தான் அதைக் கவனித்தேன். சிவப்புச் சிலிண்டரின் கழுத்தில் தடியான செவ்வந்தி மாலை. அதற்கு அடியில், பூவுக்கும் இரும்புக்கும் நடுவில், மஞ்சளாக ஒரு கோடு.

"இது என்ன?"

அவர் இரண்டு விரலால் பெரிதாக்கினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். திரும்பப் போட்டார். "பூவா இருக்கும்ணே," என்றார். குரலில் பூ இல்லை.

"பூஜைக்கு யாரு ஜோடிச்சாங்க?"

"ஆச்சிதான்."

ஆச்சி என்பது அவர் மனைவி. மகளின் பிரசவத்துக்காகப் பூஜைக்கு மறுநாளே ஜொகூருக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. பிரசவ வீட்டில் கலவரம் வேண்டாம் என்று சங்கிலி போன விஷயத்தையே இவர் அவரிடம் சொல்லவில்லை. இப்போது கூப்பிட்டார். ஒலிபெருக்கியைப் போட்டார். குழந்தை அழும் சத்தம் முதலில் வந்தது.

"அந்த நாலு பவுன் சங்கிலியா? ரெட்டை வடமா?" ஆச்சி சாதாரணமாகக் கேட்டார். "ஆமா, நாந்தான் போட்டேன். புதுசா ஒரு சாமான் கடைக்குள்ள வந்தா மொத வருசம் பொன் போட்டுக் கும்பிடணும்ல? எங்கம்மா வீட்டுல தராசுக்கே போடுவோம். மாலையோட சேத்து நூலால கட்டினேன். மறுநா எடுத்து வைக்கணும்னு நெனச்சேன், இவளுக்கு வலி வந்துருச்சு. ஏன், நீங்க எடுத்து வைக்கலையா?"

முதலாளி மூக்குக்கண்ணாடியை மறுபடி கழற்றினார்.

"இருக்கீங்களா? என்ன சத்தத்தையே காணோம்?"

"இருக்கேன்," என்றார்.

அவர் கைப்பேசியை மேசையில் வைத்தார். ஒரு மாலையைத் தூக்கி எறிய மனமில்லாத ஆளும், ஒரு புதுச் சாமானைப் பொன் இல்லாமல் கும்பிட மனமில்லாத பெண்ணும் சேர்ந்து, ஒரு வார்த்தைகூட பேசிக்கொள்ளாமல், இதைச் செய்திருக்கிறார்கள். முப்பத்தாறு பக்கத்திலும் இதற்குப் பத்தி இல்லை.

டெக்னிஷனைக் கூப்பிட்டேன். பொன்னைப் பற்றிச் சொல்லவில்லை. மாலையைப் பார்க்கப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னேன். நான் சொன்னபடி அலுவலக வாசலில் நின்ற கம்பெனி வேனை எடுத்துக்கொண்டு அரை மணியில் வந்தான். என் அக்காள் மகன் தெலுக் இந்தானில் ஒரு வேலையில் இருந்தான். நாங்கள் மூன்று பேரும் வேனின் முன்னிருக்கையில் நெருக்கி உட்கார்ந்தோம். நகைக்கடை முதலாளி நடுவில். அவருடைய முழங்கால் கியர் கம்பியில் இடித்தது.

"காலக் கொஞ்சம் ஒதுக்குங்க முதலாளி. நாலாவது கியர் போட முடியல."

வழியில் தாப்பா ஊரைத் தாண்டியதும் நான் படத்தைப் பற்றிச் சொன்னேன். ஆச்சி சொன்னதையும் சொன்னேன். அவன் சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்ப, நான் முனி கழுத்துல நாலு பவுன மாட்டிட்டு வந்திருக்கேன்."

"சூலத்துல."

"இருபத்து மூணு நாளு ஆச்சு, கிராணியய்யா. தொறந்த காடு. செம்பனை ரோட்டு ஓரம்." கொஞ்சம் பொறுத்து, "கெடைக்கலன்னா?" என்றான்.

இந்தக் கேள்விதான் எனக்கும் இருந்தது. படத்தில் தெரிந்தது ஒரு மஞ்சள் கோடு. ஆச்சி சொன்னது போட்டதைப் பற்றி. கழற்றிய ஆள் இவன். சங்கிலி அங்கே இல்லையென்றால், மாலைக்குள் பொன் இருந்ததைப் பார்த்துத்தான் எடுத்தான் என்று ஆகும். இதுவரை சந்தேகமாக இருந்தது அன்றைக்கு முடிவாகிவிடும். நாற்பத்து மூன்றாவது கட்டத்தை நான் நிரப்பியே ஆக வேண்டும். முதலாளியும் அதையே நினைத்திருப்பார். இரண்டு முழங்காலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கிராணியய்யா."

"ம்."

"நீங்களும் என்னை நெனச்சீங்கதானே?"

"நெனச்சேன்."

"எத்தன தடவ?"

"எண்ணல."

"நீங்க எண்ணாதது ஒண்ணு இருக்குன்னா அது பெரிய விசயம்லா," என்றான். சிரித்தானா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் வேலை பார்த்த தோட்டம் இப்போது செம்பனை. ரப்பர் மரங்களை வெட்டி, வரிசையை மாற்றி, சாலையையும் மாற்றிவிட்டார்கள். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயன் வீடுகளில் ஒன்பது மிஞ்சியிருக்கின்றன. முனீஸ்வரர் கோயில் என்றால் சுவரோ கதவோ கிடையாது. ஒரு பெரிய மரம், அடியில் ஒரு கல், கல்லுக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு சூலம், மேலே தகரக் கொட்டகை. குலை ஏற்றும் டிராக்டர்கள் அதை ஒட்டித்தான் திரும்பும்.

வேனை நிறுத்தியதும் டெக்னிஷன் இறங்கவில்லை. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, ஸ்டீரிங்கைப் பிடித்தபடி இருந்தான். நான்தான் முதலில் இறங்கினேன். வேனிலிருந்து சூலத்துக்கு முப்பத்திரண்டு அடி. இருபதாவது அடியில் நின்றுவிட்டேன்.

பூ எல்லாம் மழையில் உதிர்ந்து போயிருந்தது. நடு முனையில் ஒரு வெள்ளை நூலும் அதில் கறுத்த நான்கைந்து காம்புகளும் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த நூலோடு பின்னிக்கொண்டு, இரட்டை வடமாக, பளபளவென்று, சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே யாரோ ஓர் எலுமிச்சம்பழத்தைக் குத்தி, குங்குமம் வைத்திருந்தார்கள். பக்கத்து முனையில் இன்னொருவர் பித்தளை வளையல் ஒன்றை மாட்டியிருந்தார்.

நான் வங்கிகளின் கதவுகளைப் பார்த்திருக்கிறேன். என் ஒரு சாண் தடிமன் இருக்கும். இங்கே காற்றைத் தவிர ஒன்றும் இல்லை.

விளக்கேற்றும் பெண் லயன் பக்கத்திலிருந்து வந்தாள். ஐம்பது வயது இருக்கும். உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. டெக்னிஷனை அவளுக்குத் தெரியும். "என்னடா, ஆள் கூட்டிக்கிட்டு வந்திருக்க?" என்று கேட்டாள்.

"அக்கா, இது எப்பலேருந்து தெரியுது?" சங்கிலியைக் காட்டினான். அப்போதுதான் இறங்கி வந்திருந்தான்.

"பூ கொட்டுனப்பறம். பத்து நா போயி இருக்கும். யாரோ பெரிய வேண்டுதல்னு நெனச்சேன். பொன்னு போடுறவன் ஊருல இருக்கானான்னு நாங்களே பேசிக்கிட்டோம்."

"யாரும் எடுக்கலையா?"

"எடுக்கவா?" அவள் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "முனி சாமானயா? பைத்தியமாலா உங்களுக்கு? பங்களாதேஷ்காரப் பசங்களே கும்புட்டுட்டுப் போறானுங்க. ஒரு இந்தோனேசியாக்காரன் படம் புடிக்கலாமான்னு கேட்டான், வேணாம்னுட்டேன்."

"எத்தனை பேர் இந்த வழியா வேலைக்குப் போறாங்க?" என்று கேட்டேன்.

"முப்பத்தாறு பேரு. காலையில போறப்ப ஒருக்கா, மத்தியானம் திரும்புறப்ப ஒருக்கா."

பதின்மூன்று நாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்தால் பதினொன்று. ஒரு நாளைக்கு எழுபத்திரண்டு. எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு முறை மனிதக் கண்கள் இந்தப் பொன்னைப் பார்த்துக்கொண்டு கடந்திருக்கின்றன. கடனுக்கு அரிசி வாங்குகிறவர்களின் கண்கள், பாஸ்போர்ட்டை ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டு வந்தவர்களின் கண்கள். திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன். அதே எண்தான் வந்தது. பதினேழு வகைக் களவை எழுதிய அந்த மனிதரை இங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. குறை சொல்ல அல்ல. அவரும் என் பக்கத்தில் நின்று பார்க்கட்டும் என்று.

"எடுங்க முதலாளி," என்றேன்.

நகைக்கடைக்காரர் செருப்பைக் கழற்றினார். சூலத்துக்கு முன்னால் போய் நின்றார். கையைத் தூக்கினார். கை பாதியில் நின்றது.

"நீ எடுத்துக் குடுப்பா," என்று டெக்னிஷனிடம் சொன்னார்.

"நான் தொட மாட்டேன்லா." அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "மொத தடவ தொட்டுத்தான் பதினொரு நா வீட்டுல ஒக்காந்திருக்கேன். உங்க சாமான், நீங்க எடுங்க."

"அண்ணே, நீங்க?"

நான் தலையை ஆட்டினேன். எனக்கு வயதாகிவிட்டது, புதிதாக ஒரு பயம் சேர்த்துக்கொள்ள இடமில்லை.

"அக்கா?"

"ஐயோ, ஆள விடுங்க!" விளக்கேற்றும் பெண் இரண்டடி பின்னால் போனாள். "போட்டத எடுக்க வந்தவுங்கள நான் இன்னிக்கித்தான் பாக்குறேன். இனி எத்தன நாளைக்கு இதயே சொல்லிச் சிரிப்பானுங்களோ."

நான்கு பேர் நின்றோம். ஒருவருக்கும் கை போகவில்லை. கடைசியில் முதலாளி சற்றுத் தள்ளிப் போய் ஜொகூருக்குப் பேசினார். அந்தப் பக்கத்துப் பேச்சு கேட்கவில்லை. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "ஆச்சி எடுக்க வேணாங்கிறா. பொன்னு போட்டுக் கும்பிட்டது நானு, அது போய்ச் சேந்த எடத்துல இருக்கட்டுங்கிறா," என்றார். "பேசுற பேச்சுல என்னையும் நாலு வாங்கு வாங்கிட்டா. ஒரு மனுசன இப்படிப் பேசினீங்களே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களான்னு."

டெக்னிஷன் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "சங்கிலிய விடுங்க. எனக்கு சூராட் வேணும்," என்றான். சூராட் என்றால் கடிதம். "கைப்பட எழுதினது. இப்பவே. ஈப்போக்குப் போயி டைப் பண்றேன்னு சொல்லாதீங்க."

என் பையில் கணக்கு நோட்டு இருந்தது. பக்கங்களுக்கு எண் போட்டது. அதிலிருந்து நான் ஒரு தாளும் கிழித்ததில்லை. எண்பத்தேழாம் பக்கத்தைக் கிழித்தேன். முதலாளி வேனின் முன்பக்கத் தகரத்தில் தாளை வைத்து நின்றபடி எழுதினார். வெயிலில் தகரம் சுட்டது. முழங்கையைத் தூக்கித் தூக்கி எழுதினார். கடையிலிருந்து நகை எதுவும் களவு போகவில்லை, பூஜைக்காகத் தன் மனைவி கையால் அணிவித்த சங்கிலி இருக்கும் இடம் தெரியும், இதைப் பற்றித் தனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை. ஐந்து வரி. கையெழுத்துப் போட்டார்.

டெக்னிஷன் வாங்கிப் படித்தான். மறுபடியும் படித்தான்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

"நகை களவு போகலைன்னு எழுதிட்டேனேப்பா. அப்படின்னா நீ எடுக்கலைன்னுதானே அர்த்தம்?"

"எங்க பாஸ்கிட்ட கேட்டப்ப அர்த்தத்தையா கேட்டீங்க? என் பேரச் சொல்லித்தானே கேட்டீங்க? உங்க கடை ரோட்டுல பதினொரு கடைக்கும் என் பேரு போயிருச்சு முதலாளி. அதே பேர இதுலயும் போடுங்க. அப்பா பேரோட போடுங்க. அவன் மேல தப்பு இல்ல, நாந்தான் தப்பா நெனச்சேன்னு போடுங்க."

நான் குறுக்கே பேசலாமா என்று யோசித்தேன். பேசவில்லை. தோட்டத்துப் பிள்ளை ஒருவன் நகைக்கடை முதலாளியிடம் இப்படி நேராக நின்று கேட்பதை நான் இந்த மண்ணில் பார்த்ததில்லை. பெரட்டுக் களம் இருந்தது அங்கிருந்து நூறு கெஜம்கூட இல்லை. அங்கே வரிசையில் நின்றவர்கள், வருகையில் பெயரை வெட்டிவிட்டேன் என்று நான் சொன்னால், தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போவார்கள். ஏன் என்று கேட்டவர்களை இரண்டு கை விரலுக்குள் அடக்கிவிடலாம்.

முதலாளி பேனாவை மறுபடி திறந்தார். எழுத்துக்கூட்டிக் கேட்டுக் கேட்டு எழுதினார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவனிடம் கேட்காமல் எழுத எனக்கு உரிமை இல்லை. அதற்குள் வேலை முடிந்து வந்த ஆட்கள் ஏழெட்டுப் பேர், சைக்கிளும் அரிவாளுமாக, என்ன நடக்கிறது என்று பார்க்க நின்றுவிட்டார்கள்.

"வாசிங்க," என்றான் டெக்னிஷன்.

"என்னது?"

"சத்தமா ஒரு தடவ வாசிங்க."

முதலாளி கூட்டத்தைப் பார்த்தார். பிறகு சூலத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். நல்ல படிப்பு, தெளிவான குரல். ஆறாவது வரி வந்தபோது மட்டும் தடுக்கியது. அந்தப் பெயரும், அதற்கு முன்னால் பால்மரம் வெட்டிய அவன் அப்பாவின் பெயரும், செம்பனை மரங்களுக்கு நடுவில் உரக்கக் கேட்டன. பங்களாதேஷ்காரர்களுக்குத் தமிழ் தெரியாது; ஆனால் ஒருவர் தலையில் கட்டியிருந்த துணியைக் கழற்றிக்கொண்டார். விளக்கேற்றும் பெண் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு எண்ணுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. என் நினைவில் அப்படி ஒரு நேரம் முன்பு வந்ததில்லை.

டெக்னிஷன் தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டான்.

"அடுத்த தடவை சிலிண்டர் பார்க்க நீயே வா," என்றார் முதலாளி. "நான் வெளிய நிக்கிறேன். நீ உள்ள உன் வேலையப் பாரு."

"வாரேன். ஆனா நீங்களும் உள்ள நில்லுங்க. நாற்காலி போட்டு ஒக்காருங்க."

"எனக்கு இனிமே அதெல்லாம் வேணாம்பா."

"எனக்கு வேணும்," என்றான். கோபம் இல்லை. ஒரு வால்வு எந்த அளவு என்று சொல்வது போலத்தான் சொன்னான்.

முதலாளி தலையசைத்தார். டெக்னிஷன் செருப்பை மாட்டிக்கொண்டு, சூலத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வேனின் கதவைத் திறந்தான்.

"சரி, ஏறுங்க ரெண்டு பேரும். பாஸ் தெலுக் இந்தான்ல தனியா பைப் தூக்கிக்கிட்டு நிக்கிறாரு. மூணு மணிக்குள்ள நான் அங்க இருக்கணும்."

அவனை வேலைக்கு வரச் சொல்லி யாரும் இன்னும் சொல்லியிருக்கவில்லை. நாங்கள் ஏறிக்கொண்டோம்.